இடப்பக்கப் பூட்டு

சால்மியாவில் நாலாம் மாடிக்கு
ஆறிப்போன மந்தியைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.
சாவி போட்டேன். நியூட்ரல் பச்சை எரிந்தது.
பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றுமில்லை.
டிக் என்றிருந்தால் பேட்டரி என்று சொல்லிவிடலாம்.
கிர்ர் என்று முனகினால் மோட்டார்.
வாயே திறக்காத வண்டியிடம்
எங்கிருந்து ஆரம்பிப்பது?

இந்த மாடலுக்குக் கிக்கர் கிடையாது.
உதைக்கும் உரிமையைக் கம்பெனிக்காரன்
எப்போதோ பிடுங்கிக்கொண்டான்.
ஆகஸ்ட், ராத்திரி பதினொன்று,
கடற்காற்று முகத்தில் ஈரத்துணியாக ஒட்ட
தெருக்கோடி வரை தள்ளி ஓடி
இரண்டாம் கியரில் கிளட்சை விட்டேன்.
எடுத்தது.
அடுத்த ஆர்டர் தாமதம்,
இருநூற்றைம்பது ஃபில்ஸ் பிடித்தம்.

ஷுவைக்கில் குல்பாஸ் கான் முன்னால் நிறுத்தினால்
முதல் அழுத்தலிலேயே எடுக்கிறது.
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கும் பிள்ளை மாதிரி.
முதல் தடவை பேட்டரி மாற்றினான், பதினொரு தினார்.
இரண்டாம் தடவை ரிலே.
மூன்றாம் தடவை ஒரு டீ வாங்கித் தந்து
கோளாறு வண்டியில் இல்லை
உன் தலையில் என்றான்.

வெள்ளிக்கிழமை,
கைத்தானில் எங்கள் கட்டடத்துப் பேஸ்மென்ட்.
காவல்காரர் ஸப்ரி
பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்து
எனக்கு டார்ச் பிடித்தார்.
பழைய இண்டிகேட்டர் பல்புக்கு
நைனா இரண்டு வால் பற்றவைத்துக் கொடுத்திருந்தான்.
அதுதான் என் மீட்டர்.

ஃபியூஸ். எரிந்தது.
கில் ஸ்விட்ச். எரிந்தது.
கிளட்ச் ஸ்விட்ச், எரிந்தது.
சைடு ஸ்டாண்டில் ஒரு கைப்பிடி மணல்.
துடைத்தேன், அதுவும் எரிந்தது.
கடைசியில் ரிலேயின் பிளக்கைக் கழற்றி
பல்பை அதில் மாட்டினேன்.
ஸப்ரி பொத்தானை அழுத்திப் பிடித்தார்.
நன்றாகவே எரிந்தது.
என்னிடம் இனி தொட இடமில்லை.

முழங்காலில் கைவைத்து எழுந்தேன்,
தடுமாறி ஹேண்டிலைப் பிடித்தேன்,
அது இடப்பக்கம் திரும்பியது.
பல்பு அணைந்தது.
நேராக்கினேன், எரிந்தது.
இடப்பக்கம்,
இருட்டு.

வாடிக்கையாளர் வாசலில் ஒவ்வொரு தடவையும்
இடப்பக்கம் திருப்பித்தான் பூட்டுகிறேன்.
திறந்ததும் அப்படியே அழுத்துகிறேன்.
குல்பாஸ் முன்னால் அது தலை நேராக நின்றது.
அந்த ராத்திரி நான் ஓடியே இருக்க வேண்டாம்.

கழுத்தில் டேப்பை அறுத்தேன்.
மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட ஒயர்,
தோலில் ஒரு கீறல் இல்லை.
விரலால் நசுக்கிக்கொண்டே வந்தால்
ஓர் இடத்தில் மட்டும் எலும்பில்லாமல் வளைந்தது.
உரித்தேன். பச்சைப் பொடி உதிர்ந்தது.
பதின்மூன்று இழைகளில் இரண்டுதான் மிச்சம்,
அவையும் நேராக நின்றால் மட்டும் தொட்டுக்கொள்பவை.

அப்போது பொற்கலை வீடியோவில் வந்தாள்.
போனை டாங்கின் மேல் சாய்த்தேன்.
கையெல்லாம் என்ன கறுப்பு?
கிரீஸ்.
சாப்பிட்டாச்சா?
ம்.
கொஞ்சம் திரும்புங்க,
கழுத்துல அது என்ன பிளாஸ்திரி?
நெட்வொர்க் சரியில்லை என்றேன்,
தலையை அசைக்காமல்.
ஸப்ரிக்குத் தமிழ் தெரியாது.
டார்ச்சை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெட்டிப் பற்றவைத்தேன்.
ஒரு சாண் ஒயர் கூடுதலாக விட்டேன்,
திரும்புவதற்கு.
இடப்பக்கம் பூட்டித் திறந்து இருபது தடவை அழுத்தினேன்,
இருபதும் எடுத்தது.
மிய்யா மிய்யா என்றார் ஸப்ரி,
நூற்றுக்கு நூறு.

வெளியே எடுக்க வலப்பக்கம் வளைத்தேன்.
யாரும் தொடாமல்
ஹாரன் அலறியது.
நேராக்கியதும் நின்றது.
இருவரும் சிரித்தோம்.
அது நாளைக்கு.